பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைத்த என் அனுபவம்

என் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. இருவரையும் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்து வருகிறோம். மகள் மட்டும் எல்.கே.ஜி.யில் சில மாதங்கள் ஒரு தனியார் பள்ளிக்குப் போனாள். வீட்டுப்பாடம் எழுதி முடிக்கவில்லை என்பதற்காக நான்கு வயதுப் பிள்ளையை விளையாட்டு நேரத்தில் வகுப்பிலேயே உட்காரவைக்கிறார்கள் என்று தெரிந்தபின் நிறுத்திவிட்டோம். அந்தப் பள்ளியைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் சான்றிதழுக்கு என்ன செய்வீர்கள் என்றும், அடுத்ததாகக் கூட்டாளிகள் வேண்டாமா என்றும் கேட்கிறார்கள். எனக்குக் கனமாக இருந்தது இவையல்ல. பெரியவர் ஒருவர் நாள் முழுவதும் பிள்ளைகள் கூடவே இருந்தாக வேண்டும் என்பதுதான். பாடம் என்று உட்காருவது காலையில் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. சமச்சீர்க் கல்விப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு பிள்ளைகளுக்குக் கீழ்வகுப்புப் பாடங்களைச் சொல்லித்தர அந்த நேரமே தாராளம். மிச்சப் பொழுதெல்லாம் கேள்வி, சண்டை, பசி, மறுபடியும் கேள்வி என்றுதான் போகும். கணக்கு எழுதும் வேலையை நான் விட்டதும், ஒரே சம்பளத்தில் குடும்பத்தை ஓட்ட முடிந்ததும், மாமியார் எங்களோடு இருந்ததும் சேர்ந்துதான் இது நடந்தது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நடந்திருக்காது என்பதால், யாருக்கும் இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்வதில்லை.

மாமியாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்கூடம் போனவரல்லர். 1991-இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கல்குவாரிக் கூலிப் பெண்களும் வயல் வேலைக்குப் போகும் பெண்களும் இரவில் தெருவிளக்கடியில் உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் அத்தையும் ஒருவர். அவர்களுக்கு அகர வரிசை முதலில் வரவில்லை. ‘பட்டா’, ‘படி’ என்று அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்தே எழுத்தைப் பிரித்துக் காட்டினார்கள். என் மகளுக்கும் அத்தை அதே வழியில்தான் சொல்லிக்கொடுத்தார். மளிகைச் சீட்டிலிருந்த ‘பருப்பு’, ‘புளி’, பேருந்துப் பலகையிலிருந்த ‘அறந்தாங்கி’ என்று போய், ஆறு வயதிற்குள் அவள் செய்தித்தாளின் தலைப்புகளைக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

பின்னமும் அடுப்படியில்தான் வந்தது. அத்தையிடம் பழைய பித்தளைப் படியும் உழக்கும் ஆழாக்கும் இருக்கின்றன. ஒருநாள் மகள் அரிசியை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தவள், “அப்பத்தா, நாலு உழக்கு ஊத்துனா படி நெறஞ்சிருது. அப்ப உழக்கு காப்படிதானே?” என்று கேட்டாள். “ஆமா தாயி” என்றவர், ஆழாக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் இரண்டு முறை உழக்கில் ஊற்றிப் பார்த்துவிட்டு, நோட்டில் 1/8 என்று எழுதி, அடியில் எட்டுக் கட்டங்கள் போட்டு ஒன்றை மட்டும் கறுப்பாக்கினாள். கீழே சிந்திய அரிசியைப் பொறுக்கியது மட்டும் நான்.

வெளியே கூட்டிப்போக இந்த ஊரில் பஞ்சமில்லை. திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910-இல் தொடங்கப்பட்டது. மகனுக்கு அங்குள்ள காவலர்கள் எல்லோரையும் தெரியும். சித்தன்னவாசல் குகையில் விதானத்துத் தாமரைக் குளத்து ஓவியத்தைக் கழுத்து வலிக்கப் பார்த்து, மீன், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள் என ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தவன், குளத்தில் எருமை இறங்கினால் தாமரை என்னாகும் என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சட்டத்தைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, ஆறு வயதுக்கு மேல் பள்ளியில் சேராத பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பள்ளிக்கே போகாவிட்டாலும், பன்னிரண்டரை வயது நிறைந்தபின் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயது நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம்.

பள்ளி செல்லாக் குழந்தைகளின் கணக்கெடுப்புக்கு ஓர் ஆசிரியை ஒரு கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏன் அனுப்பவில்லை என்ற கேள்விக்கு அவருடைய படிவத்தில் வறுமை, இடப்பெயர்வு, நோய் போன்ற காரணங்களே இருந்தன. மகளிடம் செய்தித்தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவள் படித்ததோடு நிற்காமல், அதிலிருந்த ஒரு செய்தியைப் பற்றி அவரிடமே கேள்வி கேட்டாள். மோர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, “நல்லாத்தாம்மா படிக்குது. ஆனா ஒரு நாள் அதுவே கேக்கும், அப்ப மறுக்காதீங்க” என்றார். உறவினர்கள் சொன்ன எத்தனையோ அறிவுரைகளில் (கல்யாண வீடுகளில் “எத்தனாவது படிக்கிற கண்ணு?” என்று தொடங்குபவை) எனக்குப் பயன்பட்டவை மிகக் குறைவு. இந்த ஆசிரியை சொன்னது அப்படியே நடந்தது.

மாலையில் தெருப் பிள்ளைகளோடு விளையாடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை தெருவில் ஒரு பிள்ளையும் இருக்காது. ஏழு வயதுக்காரனுக்கு அது பொருட்டாகத் தெரியவில்லை. பத்து வயதுக்காரிக்குத் தெரிகிறது. கபடிக் குழுவில் சேர வேண்டும், அதற்குப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று அவளே கேட்டாள். வரும் ஜூனில் அரசுப் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்க இருக்கிறோம். முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் இல்லையே என்று நான் தயங்கியபோது, பிறப்புச் சான்றும் ஆதார் அட்டையும் கொண்டுவந்தால் போதும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். மகன் இன்னும் கொஞ்ச காலம் வீட்டில்தான் இருப்பான். அக்கா இல்லாத பகல்களை அவன் எப்படிக் கழிப்பான் என்று நானும் அத்தையும் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறோம்.