கேபிளை நிறுத்திவிட்டு ஸ்ட்ரீமிங் மட்டும் வைத்துக்கொள்ளலாமா? வீட்டில் நாள் முழுக்க டிவி ஓடும்

நீலமேகம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் கேபிளும் இருக்கிறது, இரண்டு ஸ்ட்ரீமிங் சந்தாவும் இருக்கிறது. மாதாமாதம் எல்லாவற்றுக்கும் கட்டுவதைப் பார்த்தால் மனது கேட்கவில்லை. கேபிளை நிறுத்திவிடலாம் என்கிறேன். கணவருக்கும் சம்மதம்தான், மேட்ச் மட்டும் தடங்கல் இல்லாமல் வந்துவிட வேண்டும் என்கிறார். பிள்ளைகள் கேபிள் பக்கம் போவதே இல்லை.

என் யோசனை எல்லாம் மாமியாரைப் பற்றித்தான். எழுபதைத் தாண்டியவர். காலையில் எழுந்ததும் டிவியைப் போட்டால் இரவு படுக்கும்வரை ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். பாதி நேரம் திரையைப் பார்க்கக்கூட மாட்டார், அந்தப் பேச்சுச் சத்தம் அவருக்குத் துணை. எந்தச் சேனல் எந்த எண்ணில் வரும் என்பது விரலுக்கே பழகிவிட்டது. ஸ்ட்ரீமிங் ஆப்பைத் திறந்து கொடுத்தால், வரிசையாக நிற்கும் படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீயே ஏதாவது போடும்மா" என்று ரிமோட்டை நீட்டிவிடுகிறார். செலவைக் குறைக்கிறேன் என்று அவருடைய பொழுதைப் பறித்துவிட எனக்கு விருப்பமில்லை.

எங்கள் இணையம் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உள்ள திட்டம். டிவியும் பழைய ஸ்மார்ட் டிவி, சில ஆப்கள் இப்போது திறப்பதே இல்லை. மாறியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

தயங்காமல் நிறுத்துங்கள். நாங்கள் நிறுத்தி வெகுநாள் ஆகிறது, வீட்டில் யாரும் கேபிளைத் தேடவில்லை. பிடித்ததைப் பிடித்த நேரத்தில் பார்க்கிறோம். இரண்டு சந்தாவையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு மாதம் இது, பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததும் அடுத்த மாதம் அது. மாதச் சந்தாவாக எடுத்தால் நிறுத்துவது சுலபம், ஆண்டுச் சந்தாவில் இந்த வசதி கிடையாது.

இணைப்புக்காரன் எழுதியது:

நீலமேகம் அக்கா, வீடுகளுக்குக் கேபிளும் இணையமும் இழுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. நண்பர் சொன்னது அவர் வீட்டுக்குப் பொருந்தும். உங்கள் வீட்டில் மாமியார் இருக்கிறார், கணக்கே வேறு.

தேடி எடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு, ஓடுகிறதைப் பார்ப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் முதல் வகை. மாமியார் இரண்டாவது. ஸ்ட்ரீமிங் ஆப்கள் முதல் வகையை மனதில் வைத்துச் செய்தவை. எதைப் பார்ப்பது என்று ஒவ்வொரு முறையும் நாம்தான் முடிவெடுக்க வேண்டும். பல ஆப்களில் ரிமோட்டைத் தொடாமல் சில எபிசோடுகள் ஓடினால், "இன்னும் பார்க்கிறீர்களா?" என்று கேட்டு நின்றுவிடும். சத்தத்தைத் துணையாக வைத்திருக்கும் ஒருவருக்கு வீடு திடீரென்று அமைதியாகிவிடும். நான் போகிற வீடுகளில் பெரியவர்கள் அதிகம் சொல்லும் குறை இதுதான். அவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியவில்லை என்று பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நூறு சேனல் எண்ணை மனதில் வைத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்தது வரம்பு. கேபிளில் ஒரே சிக்னல் எல்லா வீட்டுக்கும் போகிறது. நீங்கள் ஒரு மணி நேரம் பார்த்தாலும் ஒரு நாள் முழுக்கப் பார்த்தாலும் அதற்கு ஒன்றுதான். ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு டிவிக்கும் தனித்தனியாகத் தரவு வந்து இறங்குகிறது. நெட்ஃபிளிக்ஸ் கொடுக்கும் கணக்குப்படி எச்டி தரத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை, அதைவிடத் துல்லியமான 4கே தரம் என்றால் 7 ஜிபி வரை ஆகும். மாமியார் டிவி நாளுக்கு 12 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். எச்டியில் நாளுக்கு 36 ஜிபி, மாதத்தில் ஆயிரம் ஜிபியைத் தாண்டிவிடும். பிள்ளைகள் பார்ப்பது இதில் சேரவில்லை. ஆப்பின் அமைப்புகளில் தரத்தைக் குறைத்தால் மணிக்கு 1 ஜிபிக்குள் அடக்கலாம், அப்போதும் மாதம் 360 ஜிபி. உங்கள் திட்டத்தின் வரம்பை முதலில் பாருங்கள். வரம்பை நீக்கப் பெரிய திட்டத்துக்குப் போக வேண்டியிருந்தால் கேபிளில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். இரண்டும் ஒரே நிறுவனத்திடம் சேர்த்து வாங்கியதா என்றும் பாருங்கள். சேர்த்து வாங்கியதில் ஒன்றை விட்டால் மற்றதன் கட்டணத்தை ஏற்றுவது உண்டு.

வேகம் பெரிய சிக்கல் ஆகாது. எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கேவுக்கு நொடிக்கு 15 மெகாபிட் இணைய வேகம் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். ஒரே நேரத்தில் எத்தனை திரை ஓடுமோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் டிவிக்கு வைஃபை வேண்டாம், ரூட்டரிலிருந்து ஒரு லேன் கம்பி இழுத்துவிடுங்கள். படம் நின்று நின்று வருகிறது என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் இணையத்தில் கோளாறு இருக்காது, நடுவில் இருக்கும் சுவர்தான் காரணம்.

மேட்ச்சைப் பற்றி உங்கள் கணவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: ஸ்ட்ரீமிங்கில் நேரலை பின்தங்கித்தான் வரும். படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் அனுப்புகிறார்கள். பரவலாகப் பயன்படும் முறையில் ஒரு துண்டின் நீளம் 6 நொடி என்பது ஆப்பிள் நிறுவனத்தின் பரிந்துரை. சில துண்டுகள் கைக்கு வந்து சேர்ந்த பிறகே டிவி ஓட்டத் தொடங்கும். அதனால் கேபிளைவிட அரை நிமிடம்கூடப் பின்னால் இருக்கலாம். தாமதத்தைக் குறைக்கும் முறைகள் வந்திருக்கின்றன, எல்லா ஆப்பிலும் இல்லை. கோடிக்கணக்கானவர்கள் ஒரே நொடியில் வந்து விழும் நாளில் பெரிய நிறுவனங்களும் திணறுகின்றன. 2024 நவம்பரில் மைக் டைசன் – ஜேக் பால் குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரலையாகக் காட்டியபோது பலருக்குப் படம் உறைந்து உறைந்து வந்தது. உங்கள் கணவர் பார்க்கும் போட்டிகளின் உரிமை எந்த ஆப்பிடம் இருக்கிறது என்பதையும் தேடிப் பாருங்கள். உரிமை கைமாறிக்கொண்டே இருக்கும்.

பழைய டிவியைத் தூக்கிப்போட வேண்டாம். டிவி நன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு ஆதரவு முடிந்துவிடுகிறது. 2019 டிசம்பரில் சில பழைய சாம்சங் டிவிகளில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது அப்படித்தான். டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகி ஆப்களை ஓட்டும் ஸ்டிக் ஒன்று வாங்கினால் டிவிக்குப் புது உயிர் வந்துவிடும்.

நான் சொல்வது: மாமியார் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, எந்த நேரத்தில் எந்தச் சேனல் பார்க்கிறார் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அந்தச் சேனல்கள் ஏதாவது ஓர் ஆப்பில் நேரலையாக வருகின்றனவா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

திண்ணை எழுதியது:

எங்கள் அப்பாவுக்கும் இதே நிலைமை. நாங்கள் கேபிளை முழுதாக நிறுத்தவில்லை. பெரிய தொகுப்பை விட்டுவிட்டு, அவர் பார்க்கும் சேனல்கள் மட்டும் உள்ள சின்னத் தொகுப்புக்கு இறங்கினோம். கூடத்து டிவியில் ஸ்ட்ரீமிங், அவர் அறையில் கேபிள். ரிமோட்டுக்கு நடந்த சண்டையும் ஓய்ந்தது. இணையம் போகிற நாளில் வீட்டில் எல்லோரும் அவர் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறோம், அவருக்கு அதில் சந்தோஷம்.

இன்னொன்று. ஸ்ட்ரீமிங் இன்றைக்கு இருக்கிறபடியே நாளைக்கும் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். விளம்பரமே இல்லை என்று பெயரெடுத்த நெட்ஃபிளிக்ஸ் 2022இல் விளம்பரத்தோடு ஒரு திட்டம் கொண்டு வந்தது. 2023இல் வேறு வீட்டில் இருப்பவர்களோடு கணக்கைப் பகிர்வதைக் கட்டுப்படுத்தியது. உங்கள் சந்தாவில் ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் கணக்கில் ஓடுகிறது என்றால் அதை நம்பிக் கேபிளை வெட்ட வேண்டாம்.

நீலமேகம் எழுதியது:

மனமார்ந்த நன்றி. இணைப்புக்காரன் தம்பி, நீங்கள் சொன்னபடி நோட்டு வைத்தேன். மாமியாரே ஆர்வமாகக் குறித்துக் கொடுத்தார், கையெழுத்து அவ்வளவு அழகு. அவர் பார்ப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சில சேனல்கள்தான் என்பது எனக்கே புதிய செய்தி. மதியம் பழைய பாட்டுச் சேனல், மாலையில் சீரியல், நடுநடுவே செய்தி. சீரியல்கள் ஆப்பில் கிடைக்கின்றன, பாட்டுச் சேனல் எதிலும் நேரலையாக வரவில்லை. அவர் மிகவும் விரும்புவது அதைத்தான்.

அதனால் திண்ணை சொன்ன வழிக்கே வருகிறோம். கேபிள் சின்னத் தொகுப்பாக மாமியார் அறைக்குப் போகிறது. கூடத்து டிவிக்கு ஸ்டிக் வாங்குகிறோம். சந்தா ஒன்றை நிறுத்திவிட்டேன். மேட்ச் நாளில் கணவர் மாமியார் அறைக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு சந்தேகம். செட்டாப் பாக்ஸை இடம் மாற்றினால் அதில் பதிவு செய்து வைத்திருக்கும் நிகழ்ச்சிகள் போய்விடுமா?

இணைப்புக்காரன் எழுதியது:

நல்ல முடிவு அக்கா. அதே பாக்ஸை அடுத்த அறைக்கு மாற்றினால் பதிவுகள் அப்படியே இருக்கும். தொகுப்பைக் குறைக்கும்போது வேறு பாக்ஸ் தருகிறோம் என்றால்தான் கவனம் வேண்டும். பெரும்பாலான பாக்ஸ்களில் பதிவு செய்தது அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும், பென்டிரைவில் எடுத்து வேறு பெட்டியில் போட்டாலும் திறக்காது. மாமியார் பத்திரப்படுத்தியது ஏதாவது இருந்தால் முதலில் அவரிடம் கேட்டுவிட்டு, பாக்ஸ் மாறாமல் தொகுப்பை மட்டும் குறைக்க முடியுமா என்று விசாரியுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழையதைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி வந்து சேரவில்லை என்று பிறகு பில் அனுப்பினால் கையில் இருக்கும் ஆதாரம் அந்தக் காகிதம்தான்.