விடுப்பு மணிகளை வேறு துறைக்காரருக்குக் கொடுத்தவர்கள் உண்டா?

வணக்கம். அமெரிக்க மத்திய அரசு வேலையில் இருப்பவர்களிடம் ஓர் உதவி.

என் பழைய அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரம்மாவுக்குப் புற்றுநோய். கீமோ நாலாவது சுற்று. போன சம்பளச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார்: ஆண்டு விடுப்பு 0, மருத்துவ விடுப்பு 0. வேறு ஒரு வரிகூட எழுதவில்லை.

சக ஊழியருக்கு நம் விடுப்பைத் தானமாகத் தர வழிசெய்யும் 1988 சட்டப்படி, ஆண்டு விடுப்பிலிருந்து மட்டும் கொடுக்கலாம். எனக்கு 15 வருட சர்வீஸ் தாண்டியதால் இரண்டு வாரத்துக்கு 8 மணி சேர்கிறது, வருடத்துக்கு 208. அதில் பாதி, 104 மணிவரை தரலாம். வருட முடிவில் 240-க்கு மேல் இருப்பது எப்படியும் வீணாகப் போகும், அதனால் நான் ஒன்றும் கர்ணன் இல்லை.

சிக்கல், நான் இப்போது வேறு துறை. வேறு துறைக்காரருக்கு விடுப்பு தருவதற்கான 630-பி படிவம் நிரப்பிவிட்டேன். உறவினர் இல்லையென்றால், அவர் துறைக்குள் வந்த நன்கொடை போதவில்லை என்பது போன்ற காரணம் இருந்தால்தான் அந்தத் துறைக்காரர்கள் ஏற்பார்களாம். இதை அவரிடமே போய்க் கேட்கச் சங்கடமாக இருக்கிறது. எங்கள் மனிதவளப் பிரிவோ இரண்டு வாரமாக வாய் திறக்கவில்லை.

இப்படிக் கொடுத்தவர்கள் யாரை முதலில் பிடித்தீர்கள்? மணிகள் அவர் கணக்கில் ஏற எத்தனை நாள் ஆனது?