9,500 பவுண்டு இழுக்கும் என்ற டிரக்கின் கதவைத் திறந்து பாருங்கள்

பிக்கப் டிரக்கின் பின்னால் பயண டிரெய்லர் இழுக்கும் விஷயம் தெரிந்த அமெரிக்கர்கள் ஆறு பேர், ஆளுக்கொரு மாநிலத்திலிருந்து சொல்வது இது. அரை டன், முக்கால் டன் என்பவை டிரக் வகைகளின் பெயர்கள்; முக்கால் டன் பெரியது.

டெக்சாஸ், அரை டன் பெட்ரோல் வண்டி

டிரெய்லர் விற்கும் இடத்தில் முதலில் கேட்பது "உங்க டிரக் எவ்வளவு இழுக்கும்?" என்பதைத்தான். விளம்பரத்தில் இருக்கும் 9,500ஐச் சொன்னால், "அப்போ 7,500 பவுண்டு டிரெய்லர் தாராளமாப் போகும்" என்பார்கள். அந்த 9,500 எப்படி வந்தது என்று பாருங்கள். எஸ்ஏஇ ஜே2807 என்ற சோதனையில், அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றத்தில் 11.4 மைல், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுதாக வைத்து, வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். கடுமையான, நேர்மையான சோதனை. ஆனால் வண்டிக்குள் ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டு பேருக்குத்தான் கணக்கு. பிள்ளைகள், ஐஸ் பெட்டி, விறகு எதுவும் அதில் இல்லை.

உங்கள் கணக்கு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லும் ஸ்டிக்கர் அது. அதைத்தான் பேலோட் என்கிறோம். அது 1,520 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் குடும்பம் 520 பவுண்டு. மீதி 1,000. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் இரும்புக்கு 80, டிரக் பெட்டில் (பின்னால் உள்ள சரக்குத் தொட்டியில்) சாமான் 200. கடைசியில் 720தான் கையில் நிற்கிறது. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்காரும். அதுதான் டங் வெயிட். 13 சதவீதம் என்று எடுத்தால் 720ஐ 0.13ஆல் வகுக்க வேண்டும்: ஏறக்குறைய 5,540 பவுண்டு. 9,500 இழுக்கும் வண்டிக்கு உங்கள் குடும்பத்தோடு உண்மையான எல்லை அதுதான்.

இன்னொன்று. ஸ்டிக்கர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்கானது. வாங்கிய பிறகு மாட்டிய பக்கப் படி, பெட் மூடி எல்லாவற்றையும் நீங்களேதான் கழிக்க வேண்டும்.

ஓஹாயோ, இரண்டு படுக்கை டிரெய்லர்

மேலே சொன்ன கணக்கில் டிரெய்லரின் எடையாக எதைப் போடுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கையேட்டில் பெரிதாக அச்சிட்டிருப்பது வெற்று எடை. பேட்டரி பெரும்பாலும் அதில் சேராது. 20 பவுண்டு கேஸ் சிலிண்டர் நிரம்பினால் உருளையோடு 37 பவுண்டு. இரண்டும் டிரெய்லரின் மூக்கிலேயே நிற்கின்றன. தண்ணீர் காலனுக்கு 8.3 பவுண்டு, 40 காலன் தொட்டி என்றால் 332. பாத்திரம், போர்வை, நாற்காலி, குழாய், அரிசி மூட்டை என்று ஏற்றினால் 700, 800 சுலபமாகச் சேரும். கையேட்டில் 520 என்ற டங் வெயிட், புறப்படும் நாளில் 700ஐத் தாண்டியிருக்கும்.

அதனால் வெற்று எடையை மறந்துவிட்டு, டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டிய தகட்டில் உள்ள அதிகபட்ச எடையை 0.13ஆல் பெருக்குங்கள். 6,500 என்றால் 845. மேலே உள்ள குடும்பத்தின் 720க்குள் அது அடங்காது. அந்த டிரெய்லரை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

ஜார்ஜியா, ஹிட்ச் மாட்டிக் கொடுப்பவர்

"வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டால் பேலோட் கூடுமா?" என்று வாராவாரம் யாராவது கேட்கிறார்கள். கூடாது. பின் அச்சில் குவிந்த எடையில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் அது தள்ளுகிறது, அவ்வளவே. ஆனால் அந்தத் தள்ளல் உயிர் காக்கும் வேலை. முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடி போய்விடும்.

அளப்பது எளிது. டிரெய்லர் மாட்டாமல், முன் சக்கர வளைவின் உயரத்தைத் தரையிலிருந்து அளங்கள். 38 அங்குலம் என்று வையுங்கள். டிரெய்லரை மாட்டி, ஹிட்சின் பார்களை (எடையைத் தள்ளும் இரும்புக் கம்பிகளை) போடாமல் அளந்தால் 39. பார்களைப் போட்டு இழுத்த பிறகு 38.5க்காவது இறங்க வேண்டும். எவ்வளவு மீள வேண்டும் என்று வண்டிக்கு வண்டி வேறுபடும், உங்கள் கையேட்டில் இருக்கும். இறங்கவில்லையா, ஹிட்ச் தலையின் சாய்வை வாஷர் சேர்த்துக் கூட்டுங்கள்.

ரிசீவருக்கு (ஹிட்சைச் செருகும், டிரக்கின் பின்னுள்ள குழிக்கு) கீழே குனிந்து அதன் ஸ்டிக்கரையும் படியுங்கள். வெறும் பந்துக்கு 5,000/500, இந்த ஹிட்சோடு 12,000/1,200 என்று இரண்டு வரிசை இருக்கும்; முதல் எண் டிரெய்லர் எடை, அடுத்தது டங் வெயிட். டிரக் தாங்கும் என்பதற்காக ரிசீவரும் தாங்கும் என்று அர்த்தமில்லை.

மிசௌரி, எடை மேடைக்காரர்

காகிதக் கணக்கை இங்கேதான் உறுதி செய்ய வேண்டும். பெரிய லாரி நிறுத்தங்களில் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கிறது. மூன்று தட்டு: முன் அச்சு ஒன்றில், பின் அச்சு அடுத்ததில், டிரெய்லர் மூன்றாவதில் நிற்கும்படி ஓட்டுங்கள். குடும்பம் உள்ளே, டாங்க் நிரப்பி, சாமான் ஏற்றி, மூன்று முறை.

பார்களோடு: 3,160, 3,480, 5,420.
பார்கள் இல்லாமல்: 2,940, 3,860, 5,260.
டிரக் மட்டும்: 3,240, 2,780.

இரண்டாவதில் டிரக்கின் இரு அச்சும் சேர்த்து 6,800, மூன்றாவதில் 6,020. வித்தியாசம் 780தான் டங் வெயிட். டிரெய்லரின் மொத்தம் 780ஐயும் 5,260ஐயும் கூட்டினால் 6,040; அதில் 780 என்பது 12.9 சதவீதம். நல்ல எண். முன் அச்சு இழந்தது 300, பார்கள் திருப்பிக் கொடுத்தது 220. இந்த எண்களைக் கதவிலுள்ள அச்சு வரம்புகளோடும் டிரக்கின் மொத்த எடை வரம்போடும் ஒப்பிடுங்கள்.

கொலராடோ, முக்கால் டன் டீசல்

மலைக்கு வருபவர்களுக்கு இரண்டு. ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் கடல் மட்டத்திலிருந்து 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் 1,000 அடிக்கு 3 சதவீதம் பலம் இழக்கும், அங்கே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இறக்கத்தில் இழுவைக்கான டோ-ஹால் மோடைப் போட்டு, கியரைக் குறைத்து, பிரேக்கை அழுத்தி வேகம் குறைந்ததும் விடுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காது.

முக்கால் டன் வாங்கினால் கவலையில்லை என்றும் நினைக்காதீர்கள். டீசல் எஞ்சினே கனமானது. மொத்த எடை வரம்பு 10,000இல் நிற்கும் வண்டிகளில் அந்தக் கனம் பேலோடிலிருந்துதான் போகிறது.

ஆரிகன், பழைய பயணி

சைக்கிள்களைப் பின் பம்பரில் மாட்டுகிறவர்கள் கவனிக்கவும். பின்னால் ஏற்றும் எடை மூக்கைத் தூக்கிவிடும். டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். ஆடும்போது டிரக் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக் கன்ட்ரோலரின் கை லீவரால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். காலி மைதானத்தில் 25 மைல் வேகத்தில் அந்த லீவரை முழுதாக அழுத்திப் பார்த்து, டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்றுக் கீழே கெயினை (கன்ட்ரோலரின் பிரேக் அழுத்த அளவை) வையுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும்போது ஒரு முறை, காலியாக இருக்கும்போது ஒரு முறை.