3,000 ரூபாய்க்குள் 10 கிலோமீட்டர் ஓட்டம் பழக முடியுமா?

கீழமாசிக்கணக்கு:

ஊர் மதுரை, வயது 43. கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்பேன். நடுவில் எழுவது டீக்கும், லோடு வந்தால் மூட்டை எண்ணுவதற்கும் மட்டும். சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, நடக்கவும் சொன்னார். இரண்டு மாதமாகத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். என்னைத் தாண்டிச் சிலர் பேசிக்கொண்டே ஓடுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. வருகிற தை மாதத்துக்குள் 10 கிலோமீட்டர் நிற்காமல் ஓட வேண்டும்.

கடைத் தம்பி ஒருவனிடம் இதைச் சொன்னேன். 12,000 ரூபாய் ஷூ, ஜி.பி.எஸ். வாட்ச், முழங்காலுக்கு உறை, ஓடும்போது சாப்பிட ஜெல் என்று பட்டியலே போட்டுவிட்டான். மகள் இப்போதுதான் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். என்னால் ஒதுக்க முடிவது மொத்தமே 3,000. இதில் எதை வாங்க, எதை விட? போன ஞாயிறு வீட்டில் கிடந்த கேன்வாஸ் ஷூவைப் போட்டு ஓடிப் பார்த்தேன். அரைச் சுற்றில் மூச்சு வாங்கி, குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நடந்த பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மானம் போயிற்று.

போஸ்ட்டுக்குப்போஸ்ட்:

தம்பி என்றே கூப்பிடுகிறேன், எனக்கு 54. அனுப்பானடிக்காரன், மின்வாரியத்தில் ஒயர்மேன். நானும் அதே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான்.

முதலில் பணம். 3,000-இல் ஏறக்குறைய 2,000-ஐ ஷூவுக்கு வையுங்கள். மிச்சத்தைத் தொடாதீர்கள், எதற்கு என்று பிறகு சொல்கிறேன். டெக்கத்லானில் ஓடுவதற்கென்றே விற்கும் ஷூவில் விலை குறைந்ததை எடுத்தேன், இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. பஜாரில் 500, 600-க்குத் தொங்கும் ஷூ வேண்டாம். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அதன் அடிப்பாகம் இரண்டே மாதத்தில் செங்கல் மாதிரி இறுகிவிட்டது. கடைக்குச் சாயங்காலம் போங்கள், நாளெல்லாம் இருந்த கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டு, எழுந்து நின்று பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நான் 8-ஆம் நம்பர்தான் என் நம்பர் என்று அடம்பிடித்து வாங்கி, ஒரு மாதத்தில் இரண்டு பெருவிரல் நகமும் நாவல்பழம் போலக் கறுத்துவிட்டன. ஒன்று கழன்றே விழுந்தது. இப்போது 9 போடுகிறேன்.

ஷூவைக் கறிக்கடைக்கும் கல்யாணத்துக்கும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மழையில் நனைந்தால் உள்ளே தினத்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள், வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். 600, 700 கிலோமீட்டர் வரை தாராளமாக உழைக்கும். நான் காலண்டரில் கிலோமீட்டரைக் குறித்து வைப்பேன், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே.

வாட்ச் வாங்க வேண்டாம். பையன் பள்ளிக்குக் கட்டிப் போன கேசியோ எஃப்-91டபிள்யூதான் இன்னும் என் கையில். அதன் ஸ்டாப்வாட்ச் 59 நிமிடம் 59 விநாடி வரைதான் ஓடும், பிறகு பூஜ்யத்துக்குப் போய்விடும். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்று போனால் எட்டாவது கிலோமீட்டரில் அது திரும்பும். முதல் தடவை திரும்பியபோது கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்! தூரத்துக்குத் தெப்பக்குளம் இருக்கிறது. வெளிச்சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். எட்டுச் சுற்றும் இன்னும் கொஞ்சமும் வந்தால் உங்கள் 10 முடிந்தது.

இனி ஓட்டம். என் கணக்கு போஸ்ட் கணக்கு, அதாவது மின்கம்பக் கணக்கு. தெருவில் போஸ்ட்டுக்குப் போஸ்ட் சுமார் 30, 40 மீட்டர் இருக்கும். ஒரு போஸ்ட் ஓடுங்கள், இரண்டு போஸ்ட் நடங்கள். அரை மணி நேரம் இப்படி. வாரம் மூன்று நாள், இரண்டு ஓட்டத்துக்கு நடுவே ஒருநாளாவது இடைவெளி. இரண்டு வாரம் கழித்து இரண்டு ஓட்டம், இரண்டு நடை. அப்புறம் மூன்றுக்கு ஒன்று. பக்கத்தில் ஆள் இருந்தால் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச முடியாவிட்டால் குறையுங்கள், நடக்கிறவர் நம்மைத் தாண்டினாலும் குறையுங்கள். அரைச் சுற்றில் நீங்கள் சுவரைப் பிடித்தது வயதால் இல்லை, வேகத்தால்.

மிச்சப் பணம் எதற்கு என்றேன் அல்லவா? நான்காவது மாதம் ஐந்து கிலோமீட்டர் சுலபமாக வந்தது. தலைக்கனம் ஏறி அடுத்த வாரமே ஒன்பது ஓடினேன், அதற்கடுத்த நாளும் ஓடினேன். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் ஆணி அடித்த மாதிரி வலி. டாக்டர், எக்ஸ்ரே, களிம்பு எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். ஷூ விலையே போய்விட்டது. ஐந்து வாரம் ஓட்டமில்லை, அந்தக் காலோடு கம்பம் ஏறியது தனிக் கதை. டாக்டர் சொன்னது ஒன்றுதான்: வாரத்துக்கு வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதே. உங்களுக்கு இலவசமாகச் சொல்லிவிட்டேன், அந்த ஆயிரத்தைப் பாப்பாவுக்குப் புத்தகம் வாங்க வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் உறை, ஜெல் இரண்டும் வேண்டவே வேண்டாம். பத்து கிலோமீட்டருக்குப் போகும் முன் ஒரு வாழைப்பழம், வந்ததும் உப்புப் போட்ட நீராகாரம். போதும்.

ஏழுநிமிஷம்:

அண்ணே, நான் போலீஸ் வேலைக்குத் தயாராகிறேன். ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் காலை ஐந்து மணிக்கு எங்கள் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். எங்களைப் பார்த்து மட்டும் ஓடிவிடாதீர்கள். எங்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி ஆகிறது. உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. எங்களிலும் தோற்கிறவர்களில் பாதிப் பேர் முதல் 200 மீட்டரில் பறந்தவர்கள்தான். இன்னொன்று, பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் ஊறி மார்பிலும் அக்குளிலும் உரசி ரத்தமே வரும். ரத்ததான முகாமில் எனக்குக் கொடுத்த பாலியஸ்டர் டி-ஷர்ட்டைத்தான் ஒரு வருடமாகப் போடுகிறேன். தொடை இடுக்கில் கொஞ்சம் வாசலின்.

வெறுங்கால்வீரன்:

எதற்கப்பா ஷூ? 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடித் தங்கம் வாங்கவில்லையா? 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. நம் தாத்தாக்கள் எல்லாம் ஷூ போட்டா வயலுக்குப் போனார்கள்? 3,000-உம் மிச்சம்.

போஸ்ட்டுக்குப்போஸ்ட்:

ஐயா, அந்த மனிதர் வெறுங்காலிலேயே பயிற்சி எடுத்தவர், பாதம் பழகியிருந்தது. ரோமில் கிடைத்த ஷூ காலுக்குச் சேரவில்லை என்றுதான் கழற்றினார். நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டு ஓடினார், அதிலும் தங்கம்தான். கேட்டவர் நாளெல்லாம் நாற்காலியில் இருக்கிறவர். தெப்பக்குளத்தைச் சுற்றிக் கிடக்கும் கண்ணாடிச் சில்லுக்கு ரோம் கணக்குத் தெரியாது. சர்க்கரைக்காரர் காலில் புண் வாங்கலாமா?

நைட்டியூட்டி:

அதையேதான் நானும் எழுத வந்தேன். நான் செவிலியர். தம்பி, உங்களுக்கு எழுதிக்கொடுத்தது என்ன மாத்திரை என்று பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ஓடும்போது சர்க்கரை இறங்குவது அரிது. கிளிமிபிரைடு போன்றது சேர்ந்திருந்தால் வெறும் வயிற்றில் ஓடக் கூடாது, நேரத்தை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் பையில் கொஞ்சம் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டுவது என்றால் உடனே நின்று அதைச் சாப்பிடுங்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தால் சமாளித்து ஓடிப் பார்க்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. தொடங்கும் முன் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், ஒயர்மேன் அண்ணன் மிச்சம் பிடித்த ஆயிரத்தில் அடங்கும். ராத்திரி ஷூவைக் கழற்றியதும் விரலிடுக்கைப் பாருங்கள்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வரி: எங்களுக்குப் பட்ஜெட் கொஞ்சம் வேறு. ஷூவில்கூடக் குறைக்கலாம், ஸ்போர்ட்ஸ் பிராவில் குறைக்காதீர்கள். நான் முதல் இரண்டு மாதம் ஓட்டத்தை வெறுத்ததே அதனால்தான்.

கீழமாசிக்கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து வருகிறேன். ஷூ 1,799 ரூபாய், 9-ஆம் நம்பர் (எனக்கும் 8 என்றுதான் நினைப்பு இருந்தது). ஈ.சி.ஜி. சரி. மாத்திரை மெட்ஃபார்மின் மட்டும்தான் அக்கா. வாட்ச் வாங்கவில்லை, கடையிலிருந்து பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துவந்து அதில் எழுதுகிறேன். வரவுப் பக்கம் ஓடிய போஸ்ட், செலவுப் பக்கம் நடந்த போஸ்ட். போன வியாழன்தான் முதல் தடவையாக வரவு கூடியது.

காலையில் ஐந்தேகாலுக்குக் காமராஜர் சாலை வழியாகத் தெப்பக்குளம் போய், நேற்று இரண்டு சுற்று நிற்காமல் ஓடினேன். மூன்றாவதில் நடந்தேன். அந்தப் பெரியவர் என்னை அடையாளம் கண்டு, இன்றைக்குத் தண்ணீர் வேண்டாமா என்று கேட்டார். நாய்தான் ஒரு தொல்லை. வீட்டுத் தெருமுனையில் இரண்டு படுத்திருக்கின்றன, ஓடினால் துரத்துகின்றன. அந்த இடத்தில் விளக்கும் எரிவதில்லை, கிட்டே போகும்வரை தெரிவதில்லை.

போஸ்ட்டுக்குப்போஸ்ட்:

நாய் இருக்கும் இடத்துக்கு நான்கு போஸ்ட் முன்னாலேயே நடைக்கு வந்துவிடுங்கள் தம்பி. கண்ணைப் பார்க்காமல் நடந்து தாண்டுங்கள், ஓடினால்தான் அதற்கு வேடிக்கை. அதை நோட்டில் செலவுப் பக்கம் எழுதிக்கொள்ளலாம். தைப்பூசத்தன்று தெப்பத் திருவிழா, அன்றைக்குக் குளத்துப் பக்கம் ஓட முடியாது, உங்கள் பத்தை அதற்கு முன்பே முடிக்கப் பாருங்கள்.

விளக்கு எரியாத அந்தப் போஸ்ட்டில் நம்பர் எழுதியிருக்கும். தெருவிளக்கு எங்கள் வேலை இல்லை, இருந்தாலும் நம்பரைப் பார்த்துச் சொல்லுங்கள்.