ஓயா ஈர்ப்பலை: ஒரு பரிந்துரை

வணக்கம்.

வெளியும் காலமும் அதிர்ந்து பரவும் ஈர்ப்பலைகளில் (gravitational waves), ஓயாமல் வந்துகொண்டே இருக்கும் வகையை ஆங்கிலத்தில் continuous gravitational wave என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவில், ‘தொடர் ஈர்ப்பலை’ என்றே இருக்கட்டும் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் மாலை வகுப்புக்கு வரும் ஒரு பெண்பிள்ளையிடம் அந்தச் சொல்லைச் சொன்னதும், “ஒண்ணு முடிஞ்சு அடுத்தது வருமா சார்? கிரிக்கெட் தொடர் மாதிரி?” என்றாள். தொடர்கதை, தொடர்வண்டி எல்லாவற்றிலும் துண்டுகளைக் கோத்த பொருள்தானே முன்னால் நிற்கிறது!

நாம் பெயர் தேடும் அலை அப்படிப்பட்டதல்ல. 2015 செப்டம்பர் 14 அன்று, ஈர்ப்பலைகளைப் பதிவுசெய்யும் அமெரிக்க ஆய்வகமான லைகோ (LIGO) பிடித்தது இரு கருந்துளைகள் ஒன்றிய அலை. நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் முடிந்துபோனது. வேகமாகச் சுழன்று சீரான துடிப்புகளாகத் தெரியும் துடிவிண்மீனின் (pulsar) மேலோட்டில் சிறு புடைப்பு இருந்தாலோ, அது சுழலும் காலமெல்லாம் அலை வந்துகொண்டே இருக்கும். நண்டு ஒண்முகிலின் (Crab Nebula) துடிவிண்மீன் நொடிக்கு ஏறக்குறைய 30 முறை சுழல்கிறது. எதிர்பார்க்கும் அலை அதன் இருமடங்கு, 60 ஹெர்ட்சை ஒட்டி. அமெரிக்க மின்சாரமும் 60 ஹெர்ட்சு. அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே தேடவேண்டிய நிலைமை. இதுவரை எந்தத் துடிவிண்மீனிடமிருந்தும் இந்த அலை சிக்கவில்லை.

குழுவில் அம்மா சொன்ன ‘நிலை ஈர்ப்பலை’ நல்ல தமிழ்தான். ஆனால் நிலையலை என்பது, முனைகளைக் கட்டிய கம்பியில் எழும் அலைக்குப் பள்ளிப் பாடத்திலேயே போய்விட்டது. தவிர, இங்கே அதிர்வெண் நிலையாகவும் இல்லை. விண்மீனின் சுழற்சி மெல்லக் குறைகிறது. பூமி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடியும் குறைந்தும் தெரிகிறது. ‘நெடு ஈர்ப்பலை’ என்றால், பரவும் திசையிலேயே அதிரும் நெட்டலை நினைவுக்கு வரும்; ஈர்ப்பலையோ குறுக்கலை.

என் பரிந்துரை: ஓயா ஈர்ப்பலை. விளக்கிச் சொன்னதும் அதே பிள்ளை, “அப்ப நம்ம ஐஸ் பாக்டரி மோட்டார் மாதிரி ஓயாம ஓடுமா?” என்று கேட்டாள். ஏலக் கூச்சலுக்கும் லாரி இரைச்சலுக்கும் அடியில் கிடக்கும் அந்த முனகலைப் பிரித்தறிய வெகுநேரம் காது கொடுக்கவேண்டும். ஆய்வாளர்கள் மாதக்கணக்கான தரவைச் சேர்த்துப் பார்ப்பதும் இதற்காகத்தான். ‘ஓயா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணத்திலும் குறையில்லை. புணர்த்தாமல் பிரித்தே எழுதலாம்.

கூடவே இந்த அலையைத் தேடும் வகைகளின் பெயர்களையும் முடித்துவிடுவோம். இடமும் சுழற்சியும் தெரிந்தால் ‘இலக்குத் தேடல்’. இடம் மட்டும் தெரிந்தால் ‘திசைத் தேடல்’. இரண்டுமே தெரியாததுதான் பெரும்பாடு: பூமி நகர்வுக்கான திருத்தம் திசைக்குத் திசை மாறும், ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்கவேண்டும். 2005 முதல் தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகள் இந்தக் கணக்கில் பங்கெடுத்துவருகின்றன. இதற்கு ‘முழுவான் தேடல்’ என்று வைத்திருக்கிறேன். ‘வான்முழுத் தேடல்’ மேலா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.