ஆன்லைன்ல வைரத்தோடு வாங்கினவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் தோழிகளே. அம்மாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு ஏழு கல் பேசரி தோடு வாங்கணும். எங்க ஊர் கடைகள்ல டிசைன் குறைவு, அதனால ஆன்லைன்ல பார்த்து ஒண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கேன். பணம் கட்டத்தான் கை வரல.

தங்கத்தைப் பத்தி பெரிய பயம் இல்ல. 18 கேரட்னா 750 முத்திரை, அதாவது ஆயிரத்துல 750 பங்கு தங்கம். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் விக்கிற ஹால்மார்க் நகையில எச்யூஐடிங்கிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு இருக்கணும், இந்தியத் தர நிர்ணய அமைப்போட பிஐஎஸ் கேர் செயலியில அதைப் போட்டுப் பார்த்துக்கலாம். ஆனா அது தங்கத்துக்கு மட்டும்தானே, கல்லுக்கு இல்லையே!

இங்கதான் குழப்பம். படத்துல எல்லாக் கல்லும் ஜொலிக்குது. பின்பக்கம் மூடின கட்டு வேற. சர்டிபிகேட்ல கல்லோட மொத்த எடையைக் கேரட்ல மட்டும் போட்டிருக்காங்க. இயற்கை வைரமா, லேப்ல வளர்த்ததான்னு ஒரு வார்த்தை இல்ல. இப்படிக் கொடுத்தா வாங்கலாமா? ஏழு கல்லும் ஒரே நிறமான்னு வீடியோ கேட்டா அனுப்புவாங்களா?

எடை 5.2 கிராம்னு போட்டிருக்கு. கல் எடையும் சேர்த்தா, தங்கம் மட்டுமான்னும் தெரியல.

அப்புறம் திருகாணி. அம்மாவுக்கு காது ஓட்டை சின்னது, தண்டு தடிமனா வந்தா அவ்வளவுதான். போட்டுப் பார்த்துட்டா திருப்பி எடுப்பாங்களா? பழசை மாத்தும்போது கல்லுக்கு எவ்வளவு கழிச்சாங்க? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்கப்பா, விசேஷத்துக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு.