58-லா, 60-லா? பென்ஷன் வாங்குவது பற்றி ஓர் ஆலோசனை வேண்டும்

வணக்கம். வருகிற தை மாதம் எனக்கு 58 முடிகிறது. கோவைப் பக்கம் ஒரு பஞ்சாலையில் 23 ஆண்டுகள் வேலை. பி.எஃப்.-உடன் சேர்ந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமான இ.பி.எஸ்.-95 கணக்கில் மாதம் சுமார் 4,000 ரூபாய் வரும் போலிருக்கிறது. வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால், ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும் என்கிறார்கள்.

நேற்று இரவு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகள் விட்டால் 96,000 ரூபாய் கைநழுவுகிறது. பதிலுக்கு மாதம் 320 ரூபாய் சொச்சம் கூடுதல். விட்ட பணம் திரும்பி வரவே 84, 85 வயதாகிவிடும். அப்பா 61-லேயே போய்விட்டார். அம்மாவோ 86 வயதிலும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு என்னை அதட்டுகிறார். நான் யாருடைய வாரிசு என்று எப்படித் தெரியும்?

இதில் பஞ்சப்படி உயர்வும் கிடையாது. இன்றைய 4,000-க்கு இருபது ஆண்டு கழித்து என்ன மதிப்பு இருக்கும்? 58-லேயே வாங்கி, அஞ்சலகத் தொடர் வைப்பில் போடச் சொல்கிறான் மகன். ஆனால் மனைவிக்கு என்னைவிட ஏழு வயது குறைவு. எனக்குப் பிறகு பாதிதான் அவளுக்கு வரும். என் கவலையே அதுதான்.

தள்ளிப்போட்டு வாங்கியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? உயர்த்திய தொகையில்தான் மனைவியின் பங்கைக் கணக்கிடுகிறார்களா? விண்ணப்பத்தை 58-லேயே கொடுத்துவைக்க வேண்டுமா, 60-ல் கொடுத்தால் போதுமா? அனுபவத்தில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சீட்டு, பங்குச்சந்தை யோசனைகள் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே பட்டாயிற்று.